அடுத்த பதிப்பு வாசகர் கையில்

கறுப்பினப் பெண்களும் ஆசியப் பெண்களும் திருநங்கைகளும் எழுதும் புதிய பெண்ணியப் புத்தகங்கள்: யார் அச்சிடுகிறார்கள், யார் தடுக்கிறார்கள், எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

1973 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஃபோர்ட் பியர்ஸ் என்ற சிறு நகரம். தெரு முட்டி நிற்கும் இடத்தில் பராமரிப்பே இல்லாத ஓர் இடுகாடு. இடுப்பளவுக்குக் களை மண்டிக் கிடக்கிறது. பாம்பு இருக்குமோ என்ற பயத்தோடு அதற்குள் இறங்கித் தேடுகிறார் 29 வயது எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர். தேடுவது ஒரு கல்லறையை. அதன் மேல் கல் கிடையாது, பெயர் கிடையாது. ஊர்க்காரர்களிடம் தகவல் கேட்டபோது, 'இறந்தவர் என் அத்தை' என்று சொல்லித்தான் கேட்டிருந்தார். களைக்கு நடுவே நின்று, "ஸோரா!" என்று உரக்கக் கூப்பிடுகிறார். சற்று நேரத்தில் கால் ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. நிலம் நீள்சதுரமாக உள்வாங்கியிருந்த அந்த இடம்தான் ஸோரா நீல் ஹர்ஸ்டனின் கல்லறை என்று முடிவுசெய்கிறார். வாங்க ஆசைப்பட்ட கறுப்புக் கல்லுக்குக் கையில் காசு போதவில்லை. சாதாரண சாம்பல் நிறக் கல்லில், அவர் நாவலாசிரியர், நாட்டார் வழக்காற்றியலாளர், மானுடவியலாளர் என்று பொறிக்கச் சொல்லிவிட்டு ஊர் திரும்புகிறார்.

ஹர்ஸ்டன் எழுதிய 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' 1937-இல் வெளிவந்த நாவல். பெரிய பதிப்பகம்தான் வெளியிட்டது. ஆனால் சில ஆண்டுகளில் அச்சிலிருந்து காணாமல் போனது. 1960-இல் அரசு ஆதரவு இல்லம் ஒன்றில் ஹர்ஸ்டன் இறந்தபோது, ஊரார் பணம் திரட்டித்தான் அடக்கம் செய்தார்கள். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தீயிட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, அந்த வழியாக வந்த காவலர் ஒருவர் நெருப்பை அணைத்து மிச்சத்தைக் காப்பாற்றினார்.

வாக்கர் தன் தேடலை 1975 மார்ச்சில் 'மிஸ்' என்ற பெண்ணிய இதழில் கட்டுரையாக எழுதினார். ஹர்ஸ்டனைப் பாடத்தில் சேர்க்க விரும்பிய கல்லூரி ஆசிரியைகள் மறுபதிப்பு கேட்டுக் குரல் கொடுத்தார்கள். 1978-இல் இலினாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் நாவலை மீண்டும் அச்சிட்டது. அதன்பின் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. அவர் 1930-களில் எழுதி முடித்தும் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்த 'பராக்கூன்' 2018-இல் வெளிவந்தது. அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றிவந்த கடைசிக் கப்பலில் இருந்த ஒருவரின் வாழ்க்கை அது. அந்த முதியவரின் பேச்சுமொழியை மாற்றி எழுதச் சொன்னது ஒரு பதிப்பகம். ஹர்ஸ்டன் மறுத்துவிட்டார்.

எழுதியவரிடம் மேதைமை இருந்தது. புத்தகமும் அச்சாகியிருந்தது. இரண்டும் சேர்ந்தும் அந்த நாவலைக் காப்பாற்றவில்லை. ஒரு வாசகி இன்னொரு வாசகியிடம் 'இதைப் படி' என்று சொன்னதுதான் காப்பாற்றியது. புத்தகப் பரிந்துரை என்பது ஓய்வுநேர ரசனைப் பேச்சு அல்ல. சிலருடைய எழுத்து அச்சில் உயிரோடு இருப்பதே அதனால்தான்.

இரண்டு பெண்களின் தொலைபேசிப் பேச்சு

1980-இல் கவிஞர் ஆட்ரி லார்ட், பெண்ணியர் பார்பரா ஸ்மித்துடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, பதிப்புத் துறையில் நாமே ஏதாவது செய்தாக வேண்டும் என்றார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது 'கிச்சன் டேபிள்: விமன் ஆஃப் கலர் பிரஸ்'. வெள்ளையரல்லாத பெண்களே நடத்திய பதிப்பகம். 'திஸ் பிரிட்ஜ் கால்டு மை பேக்' என்ற தொகைநூலை 1981-இல் வெளியிட்ட பதிப்பகம் மூடப்பட்டபோது, 1983-இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். இன்று உலகெங்கும் பெண்ணிய வகுப்புகளில் பாடமாக இருக்கும் நூல் அது. 1992-இல் லார்ட் மறைந்தார். பதிப்பகமும் அந்தப் பத்தாண்டிலேயே நின்றுபோனது.

பெரிய பதிப்பகத்துக்குள்ளிருந்து போராடியவர் டோனி மாரிசன். 1983 வரை ரேண்டம் ஹவுஸில் ஆசிரியராக இருந்து ஏஞ்சலா டேவிஸ், கேய்ல் ஜோன்ஸ், டோனி கேட் பம்பாரா ஆகியோரின் நூல்களைக் கொண்டுவந்தார். அவர் விலகிய பிறகு அங்கே கறுப்பின எழுத்தாளர்களின் நூல்கள் குறைந்துவிட்டன என்று ரிச்சர்ட் ஜீன் ஸோ என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். ஒரே ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்ததும் ஒரு வரிசையே கலைந்துவிடுகிறது.

---
பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

● 1950 முதல் 2018 வரை அமெரிக்காவின் பெரிய பதிப்பகங்கள் வெளியிட்ட 7,000-க்கும் மேற்பட்ட புனைகதை நூல்களை 'நியூயார்க் டைம்ஸ்' 2020-இல் ஆராய்ந்தது. 95 சதவீதம் வெள்ளையர் எழுதியவை. 2018-ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலும் 89 சதவீதம்.

● அமெரிக்கப் பதிப்புத் துறை ஊழியர்களில் வெள்ளையர்: 2015-இல் 79 சதவீதம், 2019-இல் 76 சதவீதம், 2023-இல் 72.5 சதவீதம். கணக்கெடுத்தது 'லீ அண்ட் லோ' பதிப்பகம்.

● அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் புத்தகத் தடை நிகழ்வுகள்: 2023-24 கல்வியாண்டில் 10,046, 2024-25-இல் 6,870. பட்டியலிட்டது எழுத்தாளர் அமைப்பான 'பென் அமெரிக்கா'.
---

வாக்குறுதிகளின் ஆண்டு, அதன் பிறகு

2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்டு போலீஸார் பிடியில் கொல்லப்பட்ட பிறகு, அமெரிக்கப் பதிப்புத் துறைக்குள்ளும் கேள்விகள் வெடித்தன. எழுத்தாளர் எல்.எல். மெக்கின்னி, 'பதிப்பகம் எனக்குக் கொடுத்த முன்பணம் இவ்வளவு' என்று ஒவ்வொருவரும் வெளிப்படையாகச் சொல்லும் இயக்கத்தைச் சமூக வலைதளத்தில் தொடங்கிவைத்தார். ரொக்ஸேன் கே, பெரும் வெற்றி பெற்ற தன் 'பேட் ஃபெமினிஸ்ட்' நூலுக்கு வாங்கியது 15,000 டாலர் என்றார். தேசியப் புத்தக விருது வாங்கிய பிறகும் ஒரு லட்சம் டாலருக்குத் தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்றார் ஜெஸ்மின் வார்ட்.

முன்பணம் எழுத்தாளரின் வருமானம் மட்டுமல்ல. கூடுதலாகப் பணம் போட்ட நூலுக்குத்தான் பதிப்பகம் விளம்பரம் செய்யும், கடையின் முன்மேசையில் இடம் பிடித்துத் தரும். குறைந்த முன்பணம், குறைந்த விளம்பரம், குறைந்த விற்பனை என்று போய், 'இந்த மாதிரிப் புத்தகம் விற்காது' என்ற முடிவில் வந்து நிற்கும். அடுத்து வருகிற பெண்ணின் கையெழுத்துப் பிரதியை நிராகரிக்க அந்த முடிவே காரணமாகிவிடும்.

அந்த ஆண்டு, நிலைமையை மாற்றுவோம் என்ற பதிப்பகங்களின் வாக்குறுதிகள் குவிந்தன. கறுப்பினப் பெண்கள் உயர்பொறுப்புகளுக்கு வந்தார்கள். சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்துக்கு டானா கனடி, பாந்தியனுக்கு லிசா லூகஸ். 2022-இல் கனடி விலகினார். 2024 மே மாதம் லூகஸ் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதே 2024 மார்ச்சில், 55 ஆண்டுகளாகச் சிறு பதிப்பகங்களின் நூல்களைக் கடைகளுக்கு அனுப்பிவந்த 'ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிப்யூஷன்' ஒரே நாளில் இழுத்து மூடப்பட்டது. ஏறத்தாழ 400 பதிப்பகங்கள் தெருவில் நின்றன. பெரிய பதிப்பகங்கள் கதவைத் திறக்காத எழுத்தாளர்களுக்கு, குறிப்பாகத் திருநங்கைகளுக்கு, அடைக்கலம் கொடுப்பவை இத்தகைய சிறு பதிப்பகங்கள்தான்.

அலமாரியிலிருந்து இறக்கப்படும் புத்தகங்கள்

அச்சாகி, விற்பனையாகி, பள்ளி நூலகம் வரை வந்துவிட்ட புத்தகத்துக்கும் நிம்மதி இல்லை. டோனி மாரிசனின் 'தி ப்ளூயஸ்ட் ஐ' 1970-இல் வந்த நாவல். எழுதியவருக்கு நோபல் பரிசு கிடைத்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் 2024-இல் அமெரிக்க நூலகங்களில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல்களின் பட்டியலில் அது இருக்கிறது. அந்தப் பட்டியலின் முதலிடத்தில் இருப்பது, கறுப்பினத்தவரும் பால்புதுமையினருமான ஜார்ஜ் எம். ஜான்சனின் தன்வரலாறு.

2023-24-இல் பள்ளிகளில் அதிகத் தடைகள் பதிவான மாநிலம் ஃப்ளோரிடா. ஹர்ஸ்டன் வளர்ந்து, மறக்கப்பட்டு, புதைக்கப்பட்ட அதே மாநிலம். புத்தகம் வாங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தடையால் பெரிய இழப்பு இல்லை. பள்ளி நூலகத்தை விட்டால் வேறு கதியில்லாத பிள்ளைக்குத்தான் இழப்பு. தன் உடலைப் பற்றித் தனக்குள் எழும் கேள்விக்கு, தன்னைப் போன்ற ஒருவர் எழுதிய பதில் எங்கோ அச்சில் இருக்கிறது என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

தமிழ் உறவுள்ள மூன்று எழுத்தாளர்கள்

இப்படித் தடைகளைத் தாண்டி எழுதுபவர்களின் வரிசையில், தமிழ் வாசகர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டிய மூவர் இருக்கிறார்கள். மூவருமே எழுதுவது ஆங்கிலத்தில்.

அக்வேக்கே எமேஸி நைஜீரியாவில் பிறந்தவர். தந்தை இக்போ இனத்தவர், தாய் மலேசியத் தமிழ்ப் பெண். ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள்ளும் தன்னை அடைக்காதவர். 'தி டெத் ஆஃப் விவேக் ஓஜி' (2020) நாவலில், மகனின் உடல் துணியில் சுற்றப்பட்டு வீட்டு வாசலில் கிடக்கிறது. யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று தெரியவில்லை. தாய் கவிதா, ஒரு நைஜீரியரை மணந்து அங்கே குடியேறிய இந்தியப் பெண். மகனின் நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவர்களுக்கெல்லாம் தெரிந்த மகனை அவளுக்கு மட்டும் தெரியவில்லை. கவிதாவைப் போலவே நைஜீரிய ஆண்களை மணந்து வந்த வெளிநாட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். ஒருவருக்கொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், உணவு பகிர்கிறார்கள், துக்கத்துக்கு வந்து உட்காருகிறார்கள். அந்நிய மண்ணில் பெண்கள் தங்களுக்கென்று கட்டிக்கொள்ளும் உறவை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்த நாவல்கள் குறைவு. எமேஸி 2021-இல் வெளியிட்ட கடிதவடிவத் தன்வரலாற்றுக்குத் தலைப்பே 'டியர் செந்தூரன்'.

2019-இல் எமேஸியின் முதல் நாவல் 'ஃப்ரெஷ்வாட்டர்' பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசுக்கான நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த நாவலுக்கு வந்தபோது, சட்டப்படியான பாலினம் என்ன என்று பரிசுக்குழு விவரம் கேட்டது. இனி என் நாவல் எதையும் இந்தப் பரிசுக்கு அனுப்ப மாட்டேன் என்று எமேஸி அறிவித்துவிட்டார். பெண்களுக்கு இடமில்லாத பரிசுகளுக்கு மாற்றாக உருவான பரிசு அது. தன் வாசலில் யாரை நிறுத்திக் கேள்வி கேட்கிறோம் என்று அதுவும் யோசித்தாக வேண்டும்.

வி.வி. கணேசானந்தன் அமெரிக்காவில் வாழும் ஈழத்தமிழ் வழி வந்தவர். 'பிரதர்லெஸ் நைட்' நாவலுக்காக 2024-இல் அதே பெண்கள் புனைகதைப் பரிசைப் பெற்றார். 1981 யாழ்ப்பாணம். மருத்துவராகும் கனவோடு படிக்கும் பதினாறு வயது சசி. கொதிநீர் மேலே கொட்டிவிட, அவள் அலறல் கேட்டு ஓடிவரும் அண்டை வீட்டுப் பையன் புண் மேல் முட்டைகளை உடைத்து ஊற்றுகிறான். அங்கே தொடங்கும் கதை, நூலகம் எரிவதையும், 83 கலவரத்தையும், சகோதரர்கள் ஒவ்வொருவராகப் போருக்குள் இழுக்கப்படுவதையும் கடந்து போகிறது. அரசின் கொடுமைகளையும் இயக்கங்களின் கொடுமைகளையும் ஒரே கையால் குறித்துவைக்கும் பெண்கள்தான் இந்த நாவலின் முதுகெலும்பு. 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவரும் 1989-இல் சுட்டுக்கொல்லப்பட்டவருமான ராஜனி திராணகமவின் வாழ்க்கையிலிருந்து ஒரு பாத்திரம் உருவாகியிருக்கிறது. எழுதி முடிக்கக் கணேசானந்தனுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

தேன்மொழி சௌந்தரராஜன் அமெரிக்காவில் பிறந்த தலித் பெண்ணியர். 'தி டிராமா ஆஃப் காஸ்ட்' (2022) நூலில், சாதி கடல் கடந்தும் எப்படிப் பிழைத்திருக்கிறது என்று காட்டுகிறார். துன்பம், அதன் மூலம், அதன் முடிவு என்று புத்தர் சொன்ன வரிசையிலேயே நூலை அமைத்து, நடுநடுவே தியானப் பயிற்சிகளையும் வைத்திருக்கிறார். வாசிப்பவர் தன் உடலில் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டும் என்பதற்காக. முன்னுரை எழுதியவர் 'மீ டூ' இயக்கத்தைத் தொடங்கிய தரானா பர்க். 2022 ஏப்ரலில் கூகுளில் தேன்மொழி பேசவிருந்த நிகழ்வு, உள்ளே எழுந்த எதிர்ப்பால் ரத்தானது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகராட்சி சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். இந்தச் சண்டையின் வேர் என்ன என்று அறிய விரும்புகிறவர்கள் இந்த நூலைத் தவிர்க்க முடியாது.

தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதும் திருநங்கைகள்

திருநங்கைகளைப் பற்றி மற்றவர்கள் எழுதிய காலம் நீண்டது. இப்போது அவர்களே எழுதுகிறார்கள். தன்வரலாற்றோடு நிற்காமல், வரலாறு, நாவல், கோட்பாடு என்று எல்லாத் திசைகளிலும் போகிறார்கள்.

கறுப்பினத் திருநங்கையும் திரைக்கலைஞருமான டூர்மலின் எழுதி 2025-இல் வந்திருக்கிறது மார்ஷா பி. ஜான்சனின் வாழ்க்கை வரலாறு. நியூயார்க்கில் பால்புதுமையினர் போலீஸாரை எதிர்த்து நின்ற 1969 ஸ்டோன்வால் எழுச்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் மார்ஷா. 1970-இல் சில்வியா ரிவேராவுடன் சேர்ந்து, தெருவில் நின்ற இளம் திருநங்கைகளுக்குத் தங்குமிடம் அமைத்தவர். அவருக்கே தங்க இடமில்லாத நாட்களில் நியூயார்க்கின் பூச்சந்தையில், பூக்கள் அடுக்கும் மேசைகளுக்கு அடியில் படுத்துக்கொள்வார். மீந்த பூக்களைத் தலையில் சூடிக்கொண்டு தெருவில் இறங்குவார். 1992-இல் ஹட்சன் ஆற்றில் சடலமாகக் கிடைத்தார். அவருடைய மரணத்தைப் பற்றியே பேசிவந்த உலகத்துக்கு, அவர் எவ்வளவு மகிழ்ச்சியோடும் துணிவோடும் வாழ்ந்தார் என்று டூர்மலின் எடுத்துச் சொல்கிறார்.

ஜூல்ஸ் கில்-பீட்டர்சன் எழுதிய 'எ ஷார்ட் ஹிஸ்டரி ஆஃப் டிரான்ஸ் மிஸாஜினி' (2024) நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ளது. திருநங்கைகள் மீதான வெறுப்பின் வரலாற்றைத் தேடிப்போகும் அவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த வட இந்தியாவுக்கு வருகிறார். 1852-இல் பூரா என்ற ஹிஜ்ராவின் கொலை வழக்கு, அதையொட்டி ஆங்கில அதிகாரிகளிடம் எழுந்த பீதி, 1871 குற்றப் பரம்பரையினர் சட்டம். பெயர்ப் பதிவேடு, பெண் உடை அணியத் தடை, பொது இடத்தில் ஆடத் தடை என்று ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கியது அந்தச் சட்டம். 'இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி' என்று திருநங்கைகளைச் சுட்டிப் பேசுபவர்கள், இறக்குமதியானது அவர்கள் மீதான தண்டனைதான் என்று இந்த நூலில் படிக்கலாம்.

அர்ஜென்டினாவின் கமிலா சோசா வில்யாடா எழுதிய 'பேட் கேர்ள்ஸ்' நாவலில், கோர்டோபா நகரப் பூங்காவில் இரவில் வாடிக்கையாளருக்குக் காத்திருக்கும் திருநங்கைகள், புதருக்குள் வீசப்பட்ட ஒரு குழந்தையைக் கண்டெடுக்கிறார்கள். மூத்தவளான என்கார்னா அத்தை அதைத் தன் வீட்டுக்குத் தூக்கிவந்து வளர்க்கிறாள். அந்த வீடே அத்தனை பேருக்கும் தாய்வீடு. திருநங்கைகளின் ஜமாத் வாழ்க்கையை ஏ. ரேவதியின் தன்வரலாற்றில் படித்தவர்களுக்கு இந்த வீட்டின் ஒவ்வோர் அறையும் பழக்கப்பட்டதாக இருக்கும்.

---
பெட்டிச் செய்தி: இன்னும் நான்கு புத்தகங்கள்

● சஃபியா சிங்க்ளேர், 'ஹவ் டு சே பாபிலோன்' (2023): ஜமைக்காவில் ரஸ்தஃபாரி மதத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றிய தந்தையின் வீட்டில் வளர்ந்த கவிஞரின் தன்வரலாறு. தந்தையின் கட்டளைப்படி வளர்த்த சடைமுடியை வெட்டும் இடம் மறக்காது.

● லம்யா எச்., 'ஹிஜாப் புட்ச் ப்ளூஸ்' (2023): ஹிஜாப் அணியும் தன்பாலின ஈர்ப்புள்ள முஸ்லிம் பெண், குர்ஆனின் மர்யம், மூஸா, யூனுஸ் கதைகளோடு தன் வாழ்க்கையை வைத்துப் பார்க்கிறார். மதத்தை விடாமலே கேள்வி கேட்கும் நூல். புனைபெயரில் எழுதப்பட்டது.

● ரக்கேல் வில்லிஸ், 'தி ரிஸ்க் இட் டேக்ஸ் டு ப்ளூம்' (2023): 2017 வாஷிங்டன் பெண்கள் பேரணியில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிவாங்கி நிறுத்தப்பட்ட கறுப்பினத் திருநங்கையின் அரசியல் பயணம்.

● பானு முஷ்தாக், 'ஹார்ட் லாம்ப்' (2025): தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பில் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற கன்னடக் கதைகள். தென்னிந்திய முஸ்லிம் பெண்களின் வீடுகளுக்குள் நடப்பவை.
---

பட்டியல் போடுகிறவர்கள் செய்யும் வேலை

2015-இல் புரூக்ளினில் குளோரி எடிம் என்ற பெண், நன்கு வாசித்த கறுப்பினப் பெண் என்ற பொருள்படும் வாசகம் பொறித்த டி-ஷர்ட்டை அணிந்து வெளியே போனார். முன்பின் தெரியாத பெண்கள் நிறுத்திப் பேசினார்கள், என்ன வாசிக்கிறாய் என்று கேட்டார்கள். அது வாசிப்புக் குழுவாகி, பிறகு இலக்கிய விழாவாகவும் வளர்ந்தது. ராப் பாடகி நோநேம் 2019-இல் தொடங்கிய குழு, சிறைகளில் இருப்பவர்களுக்கும் மாதந்தோறும் புத்தகம் அனுப்புகிறது. கனடாவின் சீனவழித் திருநங்கை கை செங் தாம் எழுதி, மாண்ட்ரியாலில் ஒரு மிகச் சிறிய பதிப்பகம் 2016-இல் வெளியிட்ட நாவலை, நடிகை எம்மா வாட்சன் 2019-இல் தன் வாசிப்புக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தார். அந்த நாவலுக்குப் புதிய வாசகர்கள் வந்தார்கள்.

பிரபலம் ஒருவர் சொன்னால்தான் நடக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஹர்ஸ்டனை மீட்ட நாளில் ஆலிஸ் வாக்கரும் பிரபலம் இல்லை. 'தி கலர் பர்ப்பிள்' வெளிவந்ததே 1982-இல்தான். விடாமல் சொன்னதுதான் அவர் செய்தது.

நாம் செய்ய வேண்டியது

இந்தப் புத்தகங்களைப் பரிதாபப்பட்டு வாங்க வேண்டாம். 'பாவம், ஒடுக்கப்பட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள்' என்று கையில் எடுப்பது எழுதியவருக்கு அவமரியாதை. எமேஸியின் கதைசொல்லும் துணிச்சலுக்காக, கணேசானந்தனின் நேர்மைக்காக, கில்-பீட்டர்சனின் ஆய்வுக் கூர்மைக்காக வாசியுங்கள். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று சண்டை போடுங்கள். மௌனமாகக் கடந்துபோவதைவிட அது நல்லது.

ஆங்கிலம் கடினமாக இருப்பவர்கள், 'பிரதர்லெஸ் நைட்' போன்ற கதைநூலில் தொடங்குங்கள்; கோட்பாட்டு நூல்கள் பிறகு. விலை அதிகம் என்றால், நாலு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும், வேண்டிய நூல்களின் பெயரை எழுதி நூலகரிடம் கொடுங்கள். வாசகர் கேட்டால்தான் இத்தகைய புத்தகம் நூலகத்தின் கவனத்துக்கு எளிதில் வரும். புத்தகக் காட்சியில் உங்கள் பதிப்பாளரை நேரில் பார்க்கும்போது, இவற்றில் எதைத் தமிழில் கொண்டுவரப் போகிறீர்கள் என்று கேளுங்கள். உரிமை வாங்கிப் போடத் துணிபவருக்கு, வாங்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும்.

நம் பட்டியலையும் நாம்தான் போட வேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது அதைக் கொண்டாட வேண்டிய பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். கையோடு கையாக வாசகர்கள் கடத்திய பிறகுதான் அது இன்றைய இடத்துக்கு வந்தது. இன்று தமிழில் எழுதத் தொடங்கியிருக்கும் ஒரு தலித் பெண்ணுக்கோ திருநங்கைக்கோ திருநம்பிக்கோ இரண்டாவது புத்தகம் வருமா என்பது, முதல் புத்தகத்தை எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் முடிவாகிறது. பதிப்பகக் கணக்குப் புத்தகம் நம் நல்லெண்ணத்தைக் குறித்துக்கொள்வதில்லை, விற்ற பிரதிகளைத்தான் குறித்துக்கொள்கிறது. எனவே, பிடித்த புத்தகத்தை இந்த வாரமே வாங்குங்கள். அதைப் பற்றி இரண்டு பேரிடமாவது சொல்லுங்கள்.